டண்டர் மெத்தட்களை ஓவர்ரைடு செய்வது: கேள்வி பதில்

பைதானில் டண்டர் என்று அழைக்கப்படும், இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்ட மெத்தட்களை, அதாவது __லென்__, __ஈக்யூ__, __கெட்ஐட்டம்__ வகையறாக்களை, சப்கிளாஸிலோ ரேப்பரிலோ மாற்றி எழுதிவிட்டு "கூப்பிடவே மாட்டேன் என்கிறதே" என்று வருபவர்களுக்காக இந்தக் கேள்வி பதில். பைதான் 3 மட்டும்தான் பேசப் போகிறேன். ஃப்ரேம்வொர்க் கேள்விகள் வேண்டாம். கேட்பதற்கு முன்னால் மேலே உள்ள பதில்களை ஒருமுறை படித்துவிடுங்கள். இதை எத்தனை பேர் செய்வார்கள் என்று எனக்கே தெரியும்.

கருவிழி: அக்கா, ஒரு லிஸ்ட்டை உள்ளே வைத்துக்கொண்டு 'உறை' என்று ஒரு ரேப்பர் கிளாஸ் எழுதினேன். __கெட்ஆட்டர்__ எழுதி, தன்னிடம் இல்லாத எதையும் உள்ளே இருக்கும் லிஸ்ட்டிடம் கேட்கும்படி வைத்தேன். அப்பெண்ட், சார்ட் எல்லாம் ஓடுகிறது. உ என்று ஒரு உறையை உருவாக்கி லென்(உ) என்றால் மட்டும் டைப்எரர். ஆனால் உ.__லென்__() என்று நானே கூப்பிட்டால் சரியான எண் வருகிறது. பைதான் என்னோடு விளையாடுகிறதா?

பதில்: இல்லை, இரண்டும் வேறு வேறு வழியாகப் போகின்றன. நீங்கள் புள்ளி வைத்து உ.__லென்__ என்று கேட்டால் அது சாதாரண ஆட்ரிப்யூட் தேடல். முதலில் ஆப்ஜெக்ட், பிறகு கிளாஸ், பிறகு தாய் கிளாஸ்கள், எங்கும் இல்லையென்றால் கடைசியாக உங்கள் __கெட்ஆட்டர்__. லென்(உ) என்று எழுதும்போது இன்டர்ப்ரெட்டர் இந்த வரிசையில் போவதே இல்லை. நேராக உ-வின் டைப்பிடம் போய், "உன்னிடம் __லென்__ இருக்கிறதா?" என்று கேட்கிறது. டைப்பிலும் அதன் தாய் கிளாஸ்களிலும் இல்லையென்றால் கதை முடிந்தது. __கெட்ஆட்டர்__ மட்டுமல்ல, __கெட்ஆட்ரிப்யூட்__ எழுதினாலும் அதையும் தாண்டிப் போய்விடும். லென்னுக்கு மட்டுமல்ல, சதுர அடைப்புக்குறி, கூட்டல் கழித்தல், ஃபார் லூப், வித், இன், ஆப்ஜெக்டையே ஃபங்ஷன் போலக் கூப்பிடுவது, எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

இப்படி வைத்ததற்கு வேகம் ஒரு காரணம். இன்னொரு காரணம் யோசித்தால்தான் புரியும். பைதானில் கிளாஸும் ஒரு ஆப்ஜெக்ட்தான். ஹேஷ்(இன்ட்) என்று கேட்கிறீர்கள் என்று வையுங்கள். எண்ணுக்கு அல்ல, இன்ட் என்ற கிளாஸுக்கே ஹேஷ், அதாவது செட்டும் டிக்ட்டும் தேடப் பயன்படுத்தும் எண், வேண்டும். ஆப்ஜெக்டிடமே தேடுவது என்று விதி இருந்தால் இன்ட்டின் உள்ளே இருக்கும் __ஹேஷ்__தான் முதலில் கைக்குச் சிக்கும். அது 5, 10 போன்ற எண்களுக்காக எழுதியது. எண் எங்கே என்று கேட்டு டைப்எரர் போடும். டைப்பிடம் தேடினால் இன்ட்டின் டைப்பான 'டைப்' கிடைக்கும், அதன் __ஹேஷ்__ சரியாக வேலை செய்யும்.

பழைய நிரல்களில் இந்த __கெட்ஆட்டர்__ தந்திரம் ஓடியதே என்று யாராவது சொன்னால் அதுவும் உண்மைதான். பைதான் 2-இன் பழைய பாணிக் கிளாஸ்களில் ஓடியது. 2001-இல் வந்த 2.2 புதிய பாணியைக் கொண்டுவந்தது. 2008-இல் வந்த பைதான் 3 பழையதை அடியோடு எடுத்துவிட்டது.

ஆகவே வழி ஒன்றுதான். உங்களுக்கு எந்தெந்த டண்டர் வேண்டுமோ அவற்றை ரேப்பர் கிளாஸின் உடலிலேயே ஒவ்வொன்றாக எழுதுங்கள். நிறைய இருந்தால் பெயர்களைப் பட்டியல் போட்டு, லூப்பில் செட்ஆட்டர் மூலம் கிளாஸின் மேல் பொருத்தலாம். கிளாஸின் மேல், ஆப்ஜெக்டின் மேல் அல்ல.

எரர் வந்த வரைக்கும் நீங்கள் தப்பித்தீர்கள். எரரே வராமல் தவறான பதில் தரும் டண்டர்கள்தான் ஆபத்து. __எஸ்டிஆர்__, __ரெப்ர்__, __ஈக்யூ__, __ஹேஷ்__ ஆகியவை எல்லாவற்றுக்கும் தாயான 'ஆப்ஜெக்ட்' கிளாஸிலேயே இருக்கின்றன. தேடல் அங்கேயே வெற்றி பெற்றுவிடுவதால், புள்ளி வைத்துக் கேட்டாலும் உங்கள் __கெட்ஆட்டர்__ வரை வராது. உள்ளே ஒரே உறுப்புகள் கொண்ட இரண்டு உறைகளை ஒப்பிட்டால் 'இல்லை' என்று வரும். அதைவிட மோசம், காலி லிஸ்ட்டை வைத்திருக்கும் உறை 'இஃப்' நிபந்தனையில் உண்மை என்றே நிற்கும். __பூல்__ இல்லை, __லென்__ இல்லை என்றால் பைதானுக்கு எந்த ஆப்ஜெக்டும் உண்மைதான். "இஃப் நாட் உ" என்று எழுதிய கிளை ஓடவே ஓடாது, எந்தச் சத்தமும் இருக்காது.

தும்பி: நான் கிளாஸைத் தொடாமல், ஒரே ஒரு ஆப்ஜெக்டுக்கு மட்டும் ஆ.__கால்__ = என்ஃபங்ஷன் என்று வைத்தேன். ஆ() வேலை செய்யவில்லை.

பதில்: கருவிழிக்குச் சொன்னதுதான். டைப்பில் வையுங்கள்.

தும்பி: அப்படியானால் டெஸ்ட் எழுதும்போது மேஜிக்மாக் என்ற போலி ஆப்ஜெக்டில் மட்டும் எப்படி ஆப்ஜெக்டின் மேலேயே __லென்__ வைக்க முடிகிறது?

பதில்: நல்ல கேள்வி, இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். மாக் தன் __நியூ__வில் ஒவ்வொரு மாக் ஆப்ஜெக்டுக்கும் தனியாக ஒரு சப்கிளாஸ் உருவாக்குகிறது. நீங்கள் ஆப்ஜெக்டின் மேல் வைப்பதாக நினைக்கும் டண்டரை அது அந்தத் தனிக் கிளாஸின் மேல் கொண்டுபோய் வைக்கிறது. அடுத்த மாக்குக்கு வேறு கிளாஸ் என்பதால் ஒன்றோடொன்று முட்டாது. விதியை மீறவில்லை, விதிக்குள் வளைந்து போகிறது.

நெடுந்தூரம்: அக்கா, டிக்ட்டை சப்கிளாஸ் செய்தேன். சாவியின் முன்னும் பின்னும் இருக்கும் வெற்றிடத்தை நீக்கிவிட்டுச் சேமிக்க வேண்டும். __செட்ஐட்டம்__ மட்டும் ஓவர்ரைடு செய்தேன். அடைப்புக்குறி போட்டு வைத்தால் சரியாக நீக்குகிறது. அப்டேட் மூலமோ, உருவாக்கும்போதே உள்ளே கொடுத்தோ வைத்தால் வெற்றிடத்தோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

பதில்: வந்துவிட்டது. டிக்ட், லிஸ்ட், எஸ்டிஆர் மூன்றையும் நடத்தையை மாற்றுவதற்காக நேரடியாக சப்கிளாஸ் செய்யாதீர்கள். இன்று இதை இன்னும் சில தடவை சொல்வேன்.

நடந்தது இது. டிக்ட்டின் அப்டேட், செட்டிஃபால்ட், __இனிட்__ எல்லாம் சி மொழியில் எழுதியவை. அவை உள்ளே இருக்கும் ஹேஷ் அட்டவணையில் நேராக எழுதுகின்றன. பைதான் மட்டத்தில் நீங்கள் வைத்த __செட்ஐட்டம்__ அவற்றின் வழியில் வருவதே இல்லை. படிக்கும் பக்கமும் அப்படியே: __கெட்ஐட்டம்__ மாற்றினால் கெட் அதைக் கூப்பிடாது. டிக்ட்(என்டிக்ட்) என்று பிரதி எடுத்தாலும் உங்கள் __கெட்ஐட்டம்__ஐக் கேட்காமல் உள்ளிருப்பதை அள்ளிக்கொண்டு போகும். காப்பி மெத்தடும், 3.9-இல் வந்த நிமிர்கோட்டு (|) இணைப்பும் உங்கள் சப்கிளாஸைத் தராமல் வெறும் டிக்ட்டையே திருப்பித் தரும். இதில் வேடிக்கை, ஃப்ரம்கீஸ் மட்டும் சப்கிளாஸ் என்று தெரிந்தால் உங்கள் __செட்ஐட்டம்__ஐக் கூப்பிடும். எது கூப்பிடும், எது கூப்பிடாது என்று மனப்பாடம் செய்து பயனில்லை.

கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் யூசர்டிக்ட் இருக்கிறது. அது பைதானிலேயே எழுதியது. உண்மையான டிக்ட்டை 'டேட்டா' என்ற பெயரில் உள்ளே வைத்திருக்கும். அப்டேட், செட்டிஃபால்ட், உருவாக்கம் மூன்றும் உங்கள் __செட்ஐட்டம்__ வழியாகத்தான் போகும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: யூசர்டிக்ட்டின் __கன்டெய்ன்ஸ்__ நேராக டேட்டாவைப் பார்க்கும். வெற்றிடத்தோடு கூடிய சாவியை 'இன்' போட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடும். 3.12 முதல் அதன் கெட் மெத்தடும் முதலில் 'இன்' போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறது, ஆக அதுவும் தவறும். உங்கள் தேவைக்கு __செட்ஐட்டம்__, __கெட்ஐட்டம்__, __டெல்ஐட்டம்__, __கன்டெய்ன்ஸ்__ நான்கையும் எழுதுங்கள். சாவியைச் சுத்தம் செய்யும் வேலையை ஒரு சிறிய ஃபங்ஷனில் வைத்து நான்கிலும் கூப்பிட்டால் போதும்.

நேர்கோடு: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதை ஏன் எல்லோரும் "அப்படித்தான்" என்று ஏற்றுக்கொள்கிறோம்? இது பக். ஓவர்ரைடு செய்தால் அந்த மெத்தட் எங்கெல்லாம் நியாயமாக வர வேண்டுமோ அங்கெல்லாம் வர வேண்டும். ஆப்ஜெக்ட் ஓரியண்டட் என்பதற்கு அர்த்தமே அதுதானே.

பதில்: "நியாயமாக" என்ற இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது. அப்டேட் என்பது __செட்ஐட்டம்__ஐ ஒவ்வொரு சாவிக்கும் கூப்பிடும் என்று டிக்ட் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒரு கிளாஸின் மெத்தட்கள் தங்களுக்குள் யாரை யார் கூப்பிடுகிறார்கள் என்பது அந்தக் கிளாஸின் உள்விவகாரம். எழுதி வைத்து வாக்குக் கொடுத்தால்தான் நீங்கள் அதை நம்பலாம்.

நேர்கோடு: அப்படியானால் வாக்குக் கொடுக்கட்டும்! செட்டிஃபால்ட் என்றால் இல்லாதபோது வை என்று அர்த்தம். வை என்பதற்கு __செட்ஐட்டம்__தான் இருக்கிறது. இதில் என்ன குழப்பம்?

பதில்: செட்டிஃபால்ட் முதலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு __கன்டெய்ன்ஸ்__ஐக் கூப்பிட வேண்டுமா, __கெட்ஐட்டம்__ஐக் கூப்பிட்டு கீஎரரைப் பிடிக்க வேண்டுமா? __கெட்ஐட்டம்__ என்றால், சாவி இல்லாதபோது கூப்பிடப்படும் __மிஸ்ஸிங்__ ஓடுமா? ஓடினால் டிஃபால்ட்டிக்ட்டில் செட்டிஃபால்ட் என்ன ஆகும்? நீங்கள் ஒன்றைச் சொல்வீர்கள், அடுத்தவர் வேறொன்றைச் சொல்வார். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு அப்புறம் அதை மாற்றவே முடியாது, ஏனென்றால் உலகத்தில் யாரோ ஒருவரின் சப்கிளாஸ் அதை நம்பிக்கொண்டிருக்கும். போதாததற்கு, இந்த டிக்ட்தான் மாட்யூலின் குளோபல் பெயர்களை வைத்திருக்கிறது, பெரும்பாலான ஆப்ஜெக்டுகளின் ஆட்ரிப்யூட்களையும் வைத்திருக்கிறது. அதன் ஒவ்வொரு வேலையிலும் "யாராவது ஓவர்ரைடு செய்திருக்கிறார்களா" என்று பார்க்கச் சொல்வது லேசான கோரிக்கை அல்ல.

மணல்வீடு: நேர்கோடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. பைபை என்ற மாற்று இன்டர்ப்ரெட்டரில் சில இடங்களில் ஓவர்ரைடு செய்தது கூப்பிடப்படுகிறது, வழக்கமான இன்டர்ப்ரெட்டரான சிபைதானில் இல்லை என்று படித்தேன். ஒரே மொழி, இரண்டு நடத்தை.

பதில்: ஆம். பைபைக்காரர்கள் தங்கள் ஆவணத்தில் வேறுபாடுகள் பட்டியலிலேயே இதை வைத்திருக்கிறார்கள். சிபைதானில் இதற்கு அதிகாரப்பூர்வ விதி எதுவும் இல்லை, தோராயமாகச் சொன்னால் ஒரே ஆப்ஜெக்டின் மற்ற உள்ளமை மெத்தட்கள் கூப்பிடுவதில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. இது நேர்கோட்டின் கட்சிக்கு வலு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். என் கட்சிக்கும் அதே வலுதான்: விதி இல்லாத இடத்தில் நிரலைக் கட்டாதீர்கள் என்றுதான் நானும் சொல்கிறேன்.

நேர்கோடு: கவுண்டர், டிஃபால்ட்டிக்ட் இரண்டும் டிக்ட்டின் சப்கிளாஸ்கள்தானே? ஸ்டாண்டர்ட் லைப்ரரி செய்தால் சரி, நாங்கள் செய்தால் தப்பா?

பதில்: அவை எப்படிச் செய்திருக்கின்றன என்று திறந்து பாருங்கள். டிஃபால்ட்டிக்ட் தொங்குவது __மிஸ்ஸிங்__ என்ற ஒரே கொக்கியில். அது டிக்ட் எழுத்தில் வாக்குக் கொடுத்த கொக்கி. அடைப்புக்குறி போட்டுத் தேடும்போது சாவி இல்லையென்றால் சப்கிளாஸின் __மிஸ்ஸிங்__ஐக் கூப்பிடுவேன், கெட் போன்றவற்றில் கூப்பிட மாட்டேன் என்று. கவுண்டரும் இல்லாத சாவிக்குப் பூஜ்ஜியம் தர அதையே பயன்படுத்துகிறது. அப்டேட்டில் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்பதற்காக அப்டேட்டையே முழுதாகத் திருப்பி எழுதியிருக்கிறார்கள். ஃப்ரம்கீஸ் கவுண்டருக்குப் பொருந்தாது என்பதால் அதைக் கூப்பிட்டால் எரர் எழுப்பும்படி வைத்திருக்கிறார்கள். காப்பி கவுண்டரையே தரவேண்டும் என்று அதையும் எழுதியிருக்கிறார்கள். __செட்ஐட்டம்__ ஒன்றை மாற்றிவிட்டு மீதியெல்லாம் தானாக வரும் என்று அவர்கள் உட்காரவில்லை. இந்த அளவுக்கு ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பூட்டத் தயார் என்றால் நீங்களும் தாராளமாக டிக்ட்டை சப்கிளாஸ் செய்யலாம்.

கோலிகுண்டு: எல்லாம் சரி, யூசர்டிக்ட்டுக்கு மாறினேன், ஜேசன்.டம்ப்ஸ் ஏற்க மறுக்கிறது. டைப்எரர். இதற்குத்தான் நாங்கள் டிக்ட்டையே பிடித்துத் தொங்குகிறோம்.

மணல்வீடு: அதேதான்! ஐஸ்இன்ஸ்டன்ஸ் போட்டு டிக்ட்டா என்று பார்க்கும் லைப்ரரி இருக்கும்வரை யூசர்டிக்ட் இரண்டாம்தரக் குடிமகன்தான்.

பதில்: இந்தப் புகார் நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். டிக்ட்தானா என்று பார்க்கும் இடங்களில் மேப்பிங் என்ற அப்ஸ்ட்ராக்ட் கிளாஸை வைத்துப் பார்த்தால் பல தொல்லைகள் தீரும். ஆனால் ஜேசனுக்கு வழி ஒரு வரி: டம்ப்ஸுக்கு 'டிஃபால்ட்' என்ற ஆர்கியுமென்ட்டில் ஒரு ஃபங்ஷன் கொடுங்கள், யூசர்டிக்ட் வந்தால் அதன் டேட்டாவைத் திருப்பித் தரட்டும், வேறு எது வந்தாலும் டைப்எரர் எழுப்பட்டும். நிரலின் எல்லையில் ஒரு வரி போதும் என்கிறபோது அதற்காக உள்ளே முழுக்க ஓட்டைப் பாத்திரத்தை வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

நேர்கோடு, மணல்வீடு, நீங்கள் இருவரும் தொடருங்கள், நான் காத்திருப்பவர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

சாரல்: மேடம், ரேப்பரில் __கெட்ஆட்டர்__ இருக்கிறது, ஆனால் ஃபார் லூப்பில் போட்டால் இட்டரபிள் இல்லை என்கிறது.

பதில்: முதல் கேள்வி. __இட்டர்__ஐக் கிளாஸில் எழுதுங்கள்.

ஆறாம்விரல்: __ஈக்யூ__ எழுதினேன். அதிலிருந்து என் ஆப்ஜெக்டுகளை செட்டில் போட முடியவில்லை, 'அன்ஹேஷபிள்' என்கிறது. தாய் கிளாஸில் __ஹேஷ்__ இருக்கிறதே?

பதில்: கிளாஸ் உடலில் __ஈக்யூ__ இருந்து __ஹேஷ்__ இல்லையென்றால் பைதானே அந்தக் கிளாஸில் __ஹேஷ்__ = 'நன்' என்று வைத்துவிடும். தாயிடம் இருப்பது இதனால் மறைந்துபோகிறது. சமம் என்பதன் அர்த்தத்தை நீங்கள் மாற்றிவிட்டீர்கள், பழைய ஹேஷ் இன்னும் பொருந்துமா என்று பைதானுக்குத் தெரியாது, அதனால் பூட்டிவிடுகிறது. சமமான இரண்டு ஆப்ஜெக்டுகளுக்கு ஹேஷ் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது கட்டாயம்.

தாயின் ஹேஷ் பொருந்தும் என்று உறுதியாகத் தெரிந்தால் கிளாஸ் உடலில் __ஹேஷ்__ = தாய்.__ஹேஷ்__ என்று ஒரு வரி போடுங்கள். இல்லையென்றால் __ஈக்யூ__ எந்த ஃபீல்டுகளை ஒப்பிடுகிறதோ அவற்றை டியூப்பிளாக்கி ஹேஷ் எடுங்கள். அந்த ஃபீல்டுகள் பின்னால் மாறுமென்றால் ஹேஷே வைக்காதீர்கள். செட்டில் போட்ட பிறகு ஃபீல்டு மாறினால், லூப் ஓட்டினால் தெரிகிற ஆப்ஜெக்ட் 'இன்' போட்டுத் தேடினால் கிடைக்காது. டேட்டாகிளாஸிலும் இதே கதைதான்: சும்மா போட்டால் __ஈக்யூ__ வரும், ஹேஷ் போய்விடும், ஃப்ரோஸன் என்று சொன்னால் ஹேஷும் வரும்.

சாரல்: வித் போட்டாலும் எரர் வருகிறது மேடம். __என்டர்__ உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டில் இருக்கிறது.

பதில்: முதல் கேள்வி. இன்னும் முதல் கேள்விதான்.

பனைமரம்: சப்கிளாஸின் உள்ளே சூப்பர்()[சாவி] என்று எழுதினால் சப்ஸ்கிரிப்ட் செய்ய முடியாது என்று எரர்.

பதில்: சூப்பர்().__கெட்ஐட்டம்__(சாவி) என்று முழுதாக எழுதுங்கள். ஆபரேட்டரும் அடைப்புக்குறியும் டைப்பிடம் போகும் என்றேன். இங்கே டைப் என்பது 'சூப்பர்' கிளாஸ், அதில் __கெட்ஐட்டம்__ இல்லை. புள்ளி வைத்துத் தேடினால்தான் சூப்பர் உங்களுக்காகத் தாயிடம் போகும்.

வெண்கலம்: இரண்டு கேள்வி. ஒன்று, ஒப்பிட முடியாத டைப் வந்தால் __ஈக்யூ__வில் ஃபால்ஸ் ரிட்டர்ன் செய்யலாமா? இரண்டு, __ஆட்__டில் நாட்இம்ப்ளிமென்டட்எரர் எழுப்புகிறேன், சரியா?

பதில்: இரண்டும் வேண்டாம். 'நாட்இம்ப்ளிமென்டட்' என்ற மதிப்பை ரிட்டர்ன் செய்யுங்கள். எரரை எழுப்புவது வேறு விஷயம். அந்த மதிப்பைக் கண்டால் இன்டர்ப்ரெட்டர் எதிர்ப் பக்கத்திடம் போய், "உனக்குத் தெரியுமா?" என்று கேட்கும்: கூட்டலுக்கு வலது ஆப்ஜெக்டின் __ஆர்ஆட்__, சமத்துக்கு அதன் __ஈக்யூ__. இரண்டு பேரும் கைவிரித்தால் கூட்டலுக்கு டைப்எரர் வரும், சமத்துக்கு இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்று பார்த்து முடிவு சொல்லும். நீங்கள் அவசரப்பட்டு ஃபால்ஸ் சொன்னால் எதிர்ப் பக்கம் வாயே திறக்க முடியாது. உங்கள் கிளாஸை ரேப்பருக்குள் வைத்து ஒப்பிடும் ஒருவருக்கு அது பெரிய இடைஞ்சல்.

சப்கிளாஸுக்கு ஒரு சலுகை உண்டு. வலது பக்கம் இருப்பது இடது பக்கத்தின் சப்கிளாஸாக இருந்து, __ஆர்ஆட்__டைத் தானாக மாற்றி எழுதியிருந்தால், முதலில் அதைத்தான் கேட்கும். தாயின் நடத்தையைப் பிள்ளை மாற்ற முடிய வேண்டும் என்பதற்காக.

நாட்இம்ப்ளிமென்டட்டை இஃப் நிபந்தனையில் போட்டுவிடாதீர்கள். முன்பெல்லாம் உண்மை என்று போய்விடும், 3.9-இல் எச்சரிக்கை வந்தது, 3.14 முதல் டைப்எரர். "நாட் தாய்.__ஈக்யூ__(இது, அது)" என்று எழுதி வைத்திருப்பவர்கள் இப்போதே தேடிப் பாருங்கள்.

கூழாங்கல்: காப்பி.காப்பி(உறை) என்றேன். ரிகர்ஷன்எரர்! என் ரேப்பரில் ரிகர்ஷனே இல்லை. __கெட்ஆட்டர்__ ஒரே வரி: உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டிடம் கேள், அவ்வளவுதான்.

பதில்: அந்த ஒரு வரிதான். இதை மெதுவாகப் பார்ப்போம், ஏனென்றால் பிக்கிள் செய்யும்போதும் (ஆப்ஜெக்டைச் சேமிக்க பைட்டுகளாக்கும்போதும்) இதே குழியில்தான் விழுவீர்கள்.

காப்பி, புது உறையை __நியூ__ மூலம் உருவாக்குகிறது, __இனிட்__ஐக் கூப்பிடுவதில்லை. ஆக, புது உறை பிறந்துவிட்டது, ஆனால் உள்ளிருக்கும் ஆப்ஜெக்டை வைத்திருக்கும் _உள்ளே என்ற ஆட்ரிப்யூட் அதில் இன்னும் இல்லை. அடுத்து, பழையதன் நிலையைப் புதியதில் ஏற்றுவதற்காக, புதியதிடம் __செட்ஸ்டேட்__ இருக்கிறதா என்று ஹேஸ்ஆட்டர் மூலம் கேட்கிறது. இல்லை, அதனால் உங்கள் __கெட்ஆட்டர்__ வருகிறது. அது செல்ஃப்._உள்ளே-யைத் தேடுகிறது. அதுவும் இல்லை, ஆகவே மறுபடியும் __கெட்ஆட்டர்__, இம்முறை '_உள்ளே' என்ற பெயரோடு. அது மறுபடியும் செல்ஃப்._உள்ளே-யைத் தேடுகிறது. வழக்கமான எல்லையான 1000 அடுக்கு வரை இப்படியே போய் முட்டி நிற்கும். ஹேஸ்ஆட்டர் விழுங்குவது ஆட்ரிப்யூட்எரரை மட்டும்தான், ரிகர்ஷன்எரரை அல்ல. அதனால் உங்கள் முகத்தில் வந்து விழுகிறது.

__கெட்ஆட்டர்__இன் முதல் வரியில், கேட்ட பெயர் '_உள்ளே' என்றாலோ இரட்டை அடிக்கோட்டில் தொடங்கினாலோ ஆட்ரிப்யூட்எரர் எழுப்பிவிடுங்கள். முதல் நிபந்தனை சுழலை அறுக்கும். இரண்டாவது எதற்கு என்றால், டீப்காப்பி __டீப்காப்பி__ மெத்தடை ஆப்ஜெக்டின் மேலேயே கெட்ஆட்டர் போட்டுத் தேடுகிறது. உள்ளே இருப்பதில் அந்த மெத்தட் இருந்தால் உங்கள் ரேப்பர் அதை எடுத்துக் கொடுத்துவிடும். நீங்கள் உறையைப் பிரதி எடுத்ததாக நினைப்பீர்கள், கையில் வருவது உறை இல்லாத உள்ளிருப்பு. எரர் வராது. காப்பி செய்ததும் அதன் டைப்பை ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள்.

இப்படிச் செய்தால் உ.__லென்__() என்று நேராகக் கூப்பிடுவதும் நின்றுபோகும். நின்றுபோகட்டும், நல்லதுதான். லென்(உ) ஓடாதபோது அது மட்டும் ஓடிக் குழப்பிக்கொண்டிருந்தது.

அந்திமந்தாரை: ஃப்ளோட்டை சப்கிளாஸ் செய்து 'தூரம்' எழுதினேன். தூரம் + தூரம் வெறும் ஃப்ளோட்டாக வருகிறது. __இனிட்__டில் மதிப்பை மாற்றினாலும் மாறவில்லை.

பதில்: ஃப்ளோட், இன்ட், எஸ்டிஆர், டியூப்பிள் எல்லாம் பிறந்த பிறகு மாறாதவை, மதிப்பு __நியூ__விலேயே உறைந்துவிடும். __இனிட்__ வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். __நியூ__வை எழுதுங்கள். கூட்டலில் உங்கள் டைப்பே வரவேண்டும் என்றால் __ஆட்__, __ஆர்ஆட்__, கழித்தல், பெருக்கல் என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். தேதி வகைகளில் மட்டும் 3.8 முதல் டைம்டெல்டாவைக் கூட்டினால் சப்கிளாஸ் கிடைக்கிறது. ஆனால் தூரமும் தூரமும் பெருக்கினால் பரப்பளவு ஆயிற்றே, அதுவும் தூரமாக வர வேண்டுமா? ஃப்ளோட்டை உள்ளே ஒரு ஃபீல்டாக வைத்துக்கொண்டு, அர்த்தமுள்ள ஆபரேட்டர்களை மட்டும் எழுதுங்கள்.

சுண்டெலி: += போட்டதும் என் வேரியபிள் 'நன்' ஆகிவிடுகிறது.

பதில்: __ஐஆட்__ செல்ஃபை ரிட்டர்ன் செய்ய வேண்டும்.

முகில்: பாண்டாஸ் டேட்டாஃப்ரேமை சப்கிளாஸ் செய்தால்...

பதில்: ஃப்ரேம்வொர்க் கேள்வி வேண்டாம் என்றேன். பாண்டாஸ் இதற்கென்று _கன்ஸ்ட்ரக்டர் என்ற தன் சொந்தக் கொக்கி வைத்திருக்கிறது, அதன் ஆவணத்தில் பாருங்கள்.

தாழம்பூ: நானே __சேமி__ என்று ஒரு டண்டர் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். பைதானின் நடைக் கையேடான பெப் 8 இதை வெளிப்படையாகவே தடுக்கிறது; அந்த வடிவம் மொழிக்கு ஒதுக்கியது. சேமி என்றே வையுங்களேன்.

ஈரநிலம்: லிஸ்ட்டை சப்கிளாஸ் செய்து __இட்டர்__ மாற்றினேன், 'இன்' பழையபடியே தேடுகிறது...

பதில்: டிக்ட், லிஸ்ட், எஸ்டிஆர். நேரடியாக. சப்கிளாஸ். செய்யாதீர்கள். லிஸ்ட்டுக்கு அதன் சொந்த __கன்டெய்ன்ஸ்__ இருக்கிறது. அது இல்லாத கிளாஸில்தான் 'இன்' __இட்டர்__ பக்கம் வரும். யூசர்லிஸ்ட்டிலும் __கன்டெய்ன்ஸ்__ நேராக டேட்டாவைப் பார்க்கும், எனவே அங்கேயும் எழுத வேண்டும். சீக்வென்ஸ் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸிலிருந்து தொடங்கினால் 'இன்' உங்கள் __இட்டர்__ வழியாகப் போகும்.

நேர்கோடு: திரும்பி வந்துவிட்டேன். சரி, கூப்பிட வேண்டாம். குறைந்தபட்சம் எச்சரிக்கையாவது தரலாமே? 3.12-இல் டைப்பிங் மாட்யூலில் ஓவர்ரைடு என்று ஒரு டெக்கரேட்டர் வந்ததே, அது இதைப் பிடிக்குமா?

பதில்: பிடிக்காது. அது பார்ப்பது, நீங்கள் ஓவர்ரைடு செய்வதாகச் சொல்லும் மெத்தட் தாயிடம் உண்மையிலேயே இருக்கிறதா என்பதை மட்டும். அதையும் மைபை போன்ற டைப் செக்கர்தான் பார்க்கும். __செட்ஐட்டம்__ டிக்ட்டில் இருக்கிறது, ஆகவே அது திருப்தியாகத் தலையாட்டிவிடும். அப்டேட் அதைக் கூப்பிடுமா என்பது அதற்குத் தெரியாது.

டெஸ்ட்தான் பிடிக்கும். ஒரே அழுக்குச் சாவியை எடுத்துக்கொண்டு உருவாக்கும்போது, அடைப்புக்குறி போட்டு, அப்டேட், செட்டிஃபால்ட், நிமிர்கோட்டோடு சமக்குறி என்று எல்லா வாசல் வழியாகவும் உள்ளே அனுப்புங்கள். பிறகு அடைப்புக்குறி, கெட், இன், பாப் வழியாக வெளியே கேளுங்கள். ஒரு பாராமீட்டர் பட்டியலில் அடங்கும் டெஸ்ட். நெடுந்தூரத்தின் கிளாஸை டிக்ட்டின் மேல் ஒருமுறை, யூசர்டிக்ட்டின் மேல் ஒருமுறை ஓட்டி, எது எங்கே விழுகிறது என்று இங்கேயே போடுங்கள். பைபையிலும் ஓட்ட முடிந்தால் மணல்வீடு அதையும் சேர்க்கட்டும்.

நேர்கோடு: போடுகிறேன். ஆனால் பக் பக்தான்.

சாரல்: மேடம், __கெட்ஆட்டர்__ இருந்தும் கூட்டல் வேலை செய்யவில்லை...

பதில்: சாரல், மேலே போங்கள். கருவிழியின் கேள்வி.